வங்கக் கடல் வென்ற நாகர்கோவிலார்

நம் மாவட்டத்திற்கும் கடலுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை. விருதுநகர் மாவட்டத்தின் எல்லை எந்தப் பக்கத்திலும் உப்பு நீரைத் தொடவில்லை. மழையை எதிர்நோக்கி வானம் பார்த்துக் கிடக்கும் கரிசல் பூமி நம்முடையது. மருந்தை அறிவோம், திரியை அறிவோம், தீப்பெட்டியை அறிவோம். கப்பலை நாளிதழ்ப் படத்தில்தான் அறிவோம். அப்படியிருக்க, ஒரு கடற்படைத் தளபதியின் வரலாற்றை இம்மலரில் எழுத நான் துணிந்தது ஏன் என்று நண்பர்கள் சிலர் கேட்டனர். காரணம் இரண்டு. ஒன்று, அவர் தமிழகத்தில் பிறந்தவர். ஆயினும் தமிழகம் அவரை ஏறத்தாழ மறந்துவிட்டது. மற்றொன்று, நெருப்போடு பழகுகிறவர்கள் நாள்தோறும் எதிர்கொள்ளும் ஒரு கேள்வியை அவரும் எதிர்கொண்டார். பழுதுள்ள ஒன்றை நம்பி மனிதரை உள்ளே அனுப்பலாமா என்பதே அந்தக் கேள்வி.

துணை அட்மிரல் நீலகண்ட கிருஷ்ணன் 1919-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் நாகர்கோவிலில் பிறந்தார். அன்று நாகர்கோவில் திருவிதாங்கூர் அரசில் இருந்தது. 1956 நவம்பர் முதல் நாளில்தான் குமரி மாவட்டம் நம்மோடு இணைந்தது. இங்கே ஒரு சிறு ஒற்றுமையைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. கிருஷ்ணன் வங்கக் கடலில் போர் நடத்திய 1971-இல், அவர் பிறந்த நாகர்கோவில் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் நம் விருதுநகர் ஈன்ற பெருந்தலைவர் காமராசர். 1969 இடைத்தேர்தலில் அத்தொகுதி அவரைத் தேர்ந்தெடுத்தது, 1971-இலும் தேர்ந்தெடுத்தது. நம் ஊர் மண் அங்கே பேசிக்கொண்டிருந்த நாளில், அந்த ஊர் மண் கடலில் பேசிக்கொண்டிருந்தது எனலாம்.

அந்நாளில் கப்பல் அதிகாரியாக விரும்பும் இந்திய இளைஞருக்குப் பம்பாயில் நின்ற டஃபரின் என்னும் பயிற்சிக் கப்பல்தான் பள்ளிக்கூடம். கிருஷ்ணனும் அங்கே பயின்று, அரச இந்தியக் கடற்படையில் சேர்ந்தார். சேர்ந்த சில காலத்திலேயே உலகப்போர் மூண்டது. 1941 ஆகஸ்டில் பாரசீக வளைகுடாவில் நடந்த சண்டையில் இளம் அதிகாரியாகப் பங்கு கொண்டு, வீரத்திற்கான சிறப்புச் சேவைச் சிலுவை என்னும் பிரிட்டிஷ் பதக்கத்தைப் பெற்றார். அப்போது அவருக்கு வயது இருபத்திரண்டு. நம் இறுதியாண்டு மாணவர்களைவிட ஒன்றிரண்டு வயதே மூத்தவர்!

நாடு விடுதலை பெற்ற பின் படிப்படியாக உயர்ந்த அவர், 1961 டிசம்பரில் கோவா விடுதலைப் போரின்போது டெல்லி என்ற போர்க்கப்பலின் தலைவராக டையூ கடலில் நின்றார். போர்த்துகீசியர் பதுங்கியிருந்த பழைய கோட்டையின் மீது அந்தக் கப்பலின் ஆறு அங்குலப் பீரங்கிகள் முழங்கின. இதன் பிறகு வந்த பதவியே நம் கதைக்கு முக்கியமானது. இந்தியாவின் முதல் விமானம் தாங்கிக் கப்பலான விக்ராந்தின் தலைமைப் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்தக் கப்பலின் பலமும் பலவீனமும் அவருக்கு அத்துபடியாயின. பின்னாளில் அவர் எடுத்த முடிவுகளை இதை நினைவில் வைத்துக்கொண்டே பார்க்க வேண்டும்.

விக்ராந்தைப் பற்றிச் சிறிது சொல்கிறேன். இரண்டாம் உலகப்போரில் பிரிட்டன் கட்டத் தொடங்கி, 1945 செப்டம்பரில் கடலில் இறக்கி, போர் முடிந்ததால் பாதியில் நிறுத்திய கப்பல் அது. அன்று அதன் பெயர் ஹெர்குலிஸ். 1957-இல் இந்தியா அதை வாங்கியது. பெல்பாஸ்ட் நகரில் கட்டி முடிக்கப்பட்டு 1961 மார்ச் 4-ஆம் நாள் நம் கொடி ஏறியது. அதன் மேல்தளத்தில் குடியேறியவை இரண்டு முக்கிய விமானப் பிரிவுகள். ஒன்று 300-ஆம் பிரிவு. வெள்ளைப் புலிகள் என்பது அதன் விருதுப்பெயர். சீ ஹாக் என்னும் ஒற்றை இருக்கை ஜெட் விமானங்கள் அதனிடம் இருந்தன. 1960 ஜூலையில் பிரிட்டனின் பிராடி விமானத்தளத்தில் அது தொடங்கப்பெற்றது. மற்றொன்று 310-ஆம் பிரிவு, நாகங்கள் எனப்படுவது. பிரான்சிலிருந்து வந்த அலிசே விமானங்களைக் கொண்டது. மூவர் அமர்ந்து நீர்மூழ்கிகளைத் தேடுவதற்கென்றே அமைந்தது. 1961 மே 18-ஆம் நாள் விக்ராந்தின் தளத்தில் முதல் ஜெட் விமானத்தை இறக்கியவர் தஹிலியானி. பின்னாளில் கடற்படையின் தலைமைத் தளபதியாகவே உயர்ந்தவர்.

கப்பலின் தளத்தில் விமானம் இறங்குவதென்றால் என்னவென்று நம்மில் பலர் எண்ணிப் பார்த்திருக்க மாட்டோம். கடலில் அசைந்துகொண்டே ஓடும் ஒரு சிறு மேடை. அதில் குறுக்கே இழுத்துக் கட்டிய எஃகு வடங்கள். பாய்ந்து வரும் விமானம் தன் வாலில் உள்ள கொக்கியால் அவற்றில் ஒன்றைப் பற்றிக்கொள்ள வேண்டும். தவறினால் மறுபடி மேலே எழ வேண்டும். புறப்படும்போதோ நீராவியின் விசையால் இயங்கும் கவண் ஒன்று விமானத்தைக் கல்லெறிவது போல் முன்னே எறியும். அந்த வீச்சு மட்டும் போதாது. கப்பல் காற்றுக்கு எதிராக முழு வேகத்தில் ஓடினால்தான் இறக்கைகளுக்குப் போதுமான காற்று கிடைக்கும். ஆகவே விமானம் தாங்கிக் கப்பலுக்கு வேகமே உயிர். அந்த உயிர்தான் 1970-இல் ஊசலாடத் தொடங்கியது.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் விக்ராந்தின் கொதிகலன்களிலுள்ள நீர் உருளைகளில் விரிசல்கள் காணப்பட்டன. பற்றவைத்துச் சரிசெய்ய முடியாத விரிசல்கள். புதிய உருளைகள் பிரிட்டனிலிருந்துதான் வரவேண்டும். கொதிகலன்களை மூட்டவே கூடாது என்று கடற்படைத் தலைமையகம் ஆணையிட்டது. பம்பாயில் மாதக்கணக்காகக் கப்பல் சும்மா நின்றது. 1965 போரிலும் அது பழுதுபார்ப்பில்தான் இருந்தது. வேடிக்கை என்னவென்றால், அப்படிக் கரையில் கிடந்த கப்பலை மூழ்கடித்துவிட்டதாகப் பாகிஸ்தான் தரப்பில் செய்தி பரப்பினார்கள்! இம்முறையும் போருக்குப் போகாவிட்டால் கடற்படைக்கு விமானமே வேண்டாம் என்று அரசு முடிவு கட்டிவிடும் என்று அன்றைய தலைமைத் தளபதி நந்தா அஞ்சினார்.

கிழக்கு வங்கத்தில் 1971 மார்ச்சில் இரத்தக்களரி தொடங்கியபோது, விசாகப்பட்டினத்தில் கிழக்குக் கடற்படைப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் கிருஷ்ணன் இருந்தார். அவருக்கு வந்து சேர்ந்த மிகப் பெரிய ஆயுதம் இந்த விரிசல் விட்ட கப்பல்தான். நான்கு கொதிகலன்களில் மூன்றுதான் இயங்கின. அவற்றைச் சுற்றி எஃகுப் பட்டைகள் இறுக்கப்பட்டன. நீராவி கசிகிறதா என்று பார்த்துக்கொண்டே இருப்பதற்காகக் கண்காணிப்புச் சாளரங்கள் பொருத்தப்பட்டன. மணிக்கு 24 கடல்மைல் ஓட வேண்டிய கப்பலுக்கு 14 கடல்மைலே எல்லை என வரையறுத்தார்கள். நம் கணக்கில் இருபத்தாறு கிலோமீட்டர். சிவகாசியிலிருந்து சாத்தூர் செல்லும் நகரப் பேருந்துகூட இதைவிட விரைவாகப் போகும்.

இந்த இடத்தில் நான் சற்று நிற்க விரும்புகிறேன். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாகப் பட்டாசு வேலை. மருந்து செலுத்தும் அறையில் இருந்த என் பாட்டி, காலையில் உள்ளே நுழையுமுன் கால்களை நனைத்துக்கொண்டு நுழைவதையும், ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் இருக்கலாகாது என்று போர்மேன் எண்ணிப் பார்ப்பதையும் கேட்டு வளர்ந்தவன் நான். ஆகவே, எஃகுப் பட்டை கட்டிய கொதிகலனுக்கு அருகே நின்று கரியும் வியர்வையுமாய் வேலை செய்த அந்தக் கப்பல் தொழிலாளர்களைப் பற்றித்தான் என் எண்ணம் முதலில் செல்கிறது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இருந்த கப்பல் அது. ஒரு பட்டை அறுந்தால் கீழ்த்தளத்தில் இருப்போரின் கதி என்ன? துணிவு என்று நாம் வரலாற்று ஏட்டில் எழுதிவிடுகிறோம். துணிவின் விலையை வேறொருவர் கொடுக்க நேரிடலாம் என்பதை அந்த ஏடு அடிக்கடி மறந்துவிடுகிறது. கிருஷ்ணன் மறக்கவில்லை என்றே நான் கருதுகிறேன். அவர் கப்பலை வெறுமனே அனுப்பிவிட்டுக் கைகழுவவில்லை. அதன் மெதுவான ஓட்டத்தை எதிரி பயன்படுத்திக்கொள்ள முடியாதபடி, எதிரியையே வேறு திசைக்கு இழுத்துவிட்டார்.

எதிரி யார்? காஸி என்னும் நீர்மூழ்கி. (நம் சிவகாசியிலுள்ள காசிக்கும் இதற்கும் உறவில்லை, அரபு மொழியில் போர்வீரன் என்று பொருள்.) அமெரிக்கா 1963-இல் பாகிஸ்தானுக்குக் குத்தகைக்குக் கொடுத்த கப்பல் அது. கராச்சியிலிருந்து இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்கக் கடல் வரை வரக்கூடிய நீர்மூழ்கி பாகிஸ்தானிடம் அது ஒன்றே இருந்தது. 1971 நவம்பர் 14-ஆம் நாள் அது கராச்சியை விட்டுப் புறப்பட்டது. அதன் குறி விக்ராந்த்.

அதற்கு முந்தைய நாளே விக்ராந்தும் துணைக்கப்பல்களும் விசாகப்பட்டினத்தை விட்டு அந்தமான் நோக்கிப் போய்விட்டன. தீவுகளின் வடகோடியில் ஆள்நடமாட்டமற்ற ஒரு துறையில் ஒளிந்துகொண்டு விமானப் பயிற்சி நடந்தது. ஆனால் கரையிலோ கப்பல் இன்னும் இங்கேதான் இருக்கிறது என்று நம்பவைக்க வேண்டும். அதற்குக் கிருஷ்ணன் செய்தது ஒரு தேர்ந்த வணிகரின் தந்திரம் என்பேன். விக்ராந்த் அளவுக்குப் பெரிய கப்பலுக்குத் தேவையான இறைச்சியும் காய்கறியும் மூட்டை மூட்டையாக வாங்கும்படி விசாகப்பட்டினத்தில் ஏற்பாடு செய்தார். அத்தனை சரக்கு யாருக்கு என்று சந்தையில் பேச்சு எழும். பேச்சு ஒற்றர் காதுக்குப் போகும். சென்னைத் துறைமுகத்தில் கப்பலுக்கு இடம் ஒதுக்கும்படியும் செய்தி போயிற்று. ராஜ்புத் என்ற பழைய நாசகாரிக் கப்பலைக் கடலுக்கு அனுப்பி, விக்ராந்த் பேசுவது போலவே வானொலிச் செய்திகளைக் கொட்டச் செய்தார். இவற்றிற்கெல்லாம் மேலாக, தாயின் உடல்நலத்தை விசாரித்து ஒரு மாலுமி அனுப்பும் சாதாரணத் தந்தி ஒன்று, இரகசியக் குறியீடு எதுவுமின்றி அந்தக் கப்பலின் பெயரால் சென்றது. பீரங்கியைவிட இந்தத் தந்தி எனக்கு வியப்பளிக்கிறது. தாயைப் பற்றிக் கேட்கும் தந்தியைப் பொய் என்று எந்த ஒற்றன்தான் ஐயுறுவான்!

ராஜ்புத் ஓய்வுக்குக் காத்திருந்த கப்பல். அதன் தலைவர் இந்தர் சிங். டிசம்பர் 3-ஆம் நாள் மாலையில் பாகிஸ்தான் விமானங்கள் நம் மேற்கெல்லை விமானத் தளங்களைத் தாக்கிப் போர் வெளிப்படையாக மூண்டது. அன்று நள்ளிரவுக்குச் சற்று முன் ராஜ்புத் விசாகப்பட்டினத் துறைமுகத்தை விட்டு வெளியே வந்தது. வரும் வழியில் நீரில் ஒரு கொந்தளிப்பைக் கண்டு, நீர்மூழ்கி எனக் கருதி இரண்டு ஆழ்வெடிகளைப் போட்டது. சிறிது நேரத்தில், நள்ளிரவு கடந்து கால் மணி அளவில், பெருவெடி ஒன்று எழுந்தது. நகரில் வீட்டுச் சன்னல்கள் அதிர்ந்தன. விடிந்தபின் மீனவர்கள் கடலில் மிதந்த பொருள்களைக் கொண்டுவந்து கொடுத்தனர். முக்குளிப்போர் இறங்கிப் பார்த்தபோது காஸி உடைந்து கிடந்தது. தொண்ணூற்றுக்கும் மேற்பட்ட மாலுமிகளில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ராஜ்புத்தின் ஆழ்வெடிதான் அதை அழித்தது என்பது கிருஷ்ணனின் உறுதியான முடிவு. அது தானே விதைத்த கண்ணிவெடியில் சிக்கியிருக்கலாம், அல்லது உள்ளே இருந்த வெடிபொருளே வெடித்திருக்கலாம் என்பது பாகிஸ்தான் தரப்பு. நம் கடற்படையிலும் பின்னாளில் இதில் ஐயம் தெரிவித்தவர்கள் உண்டு. நம் பகுதியினருக்கு இது புதிதன்று. ஒரு வெடிப்புக்குப் பின் உராய்வா, வெயிலா, மணிமருந்தின் ஈரமா என்று விசாரணை நடக்கும். சொல்லக்கூடியவர் மட்டும் இருக்கமாட்டார். எது உண்மையாயினும், காஸியை அந்த இடத்துக்கு வரவழைத்தது கிருஷ்ணனின் தந்திரம் என்பதில் ஐயமில்லை. விக்ராந்தைத் தேடி வந்த நீர்மூழ்கி, விக்ராந்த் இல்லாத கடலில் மாண்டது. மாண்டவர்களும் கூலிக்கு உழைத்த மாலுமிகளே என்பதால், இந்தப் பத்தியை மகிழ்ச்சிக் கூச்சலோடு எழுத எனக்குக் கை வரவில்லை.

இனி விமானப் பிரிவுகளின் கதை. டிசம்பர் 4-ஆம் நாள் காலையில் வெள்ளைப் புலிகளின் எட்டு விமானங்கள் காக்ஸ் பஜார் விமானத் தளத்தைத் தாக்கின. அன்று மாலையே சிட்டகாங் துறைமுகம் தாக்கப்பட்டது. தொடர்ந்து குல்னா, மோங்லா துறைமுகங்கள். பகலில் சீ ஹாக், இரவில் அலிசே என முறை வைத்துக்கொண்டு பறந்தார்கள். நீர்மூழ்கி தேடப் பிறந்த அலிசே, குண்டுவீசும் விமானமாகவும் உழைத்தது. காற்று ஓய்ந்த நாள்களில் கப்பலின் தளர்நடையோடு அந்தக் கனமான விமானத்தை எறிவது பெருஞ்சோதனை. வெள்ளைப் புலிகளின் தலைவர் சந்தோஷ் குமார் குப்தா பதினொரு முறை தாமே தலைமையேற்றுச் சென்றார். தரையிலிருந்து சுடப்பட்டு விமானம் பழுதுபட்டும் கப்பலுக்குத் திருப்பிக் கொண்டுவந்து இறக்கினார். அவருக்கும் கப்பலின் தலைவர் ஸ்வராஜ் பிரகாஷுக்கும் மகாவீர் சக்கரம் கிடைத்தது. பன்னிரண்டு வீர் சக்கரங்களும் அந்த ஒரே கப்பலுக்கு வந்தன.

இத்தாக்குதல்களின் நோக்கத்தை எண்ணிப் பாருங்கள். கிழக்கு வங்கத்தில் இருந்த பாகிஸ்தான் படைக்குத் தாய்நாடு ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால், நடுவே இந்தியா. வெளியேற வழி கடல் ஒன்றே. ஓடுபாதையையும் துறைமுகத்தையும் ஆற்றுமுகத்திலுள்ள கப்பல்களையும் அடித்துவிட்டால், படை உள்ளேயே அடைபடும். வணிகக் கப்பல்களில் வேடமிட்டுத் தப்ப நடந்த முயற்சிகள் முறியடிக்கப்பட்டன. சரண் அடைவதைத் தவிர வேறு வழி இல்லாமற் செய்ததில் கடற்படைக்கும் பங்கு உண்டு என்பதே கிருஷ்ணன் 1980-இல் வெளியிட்ட போர் வரலாற்று நூலின் சாரம். அதன் தலைப்பே அந்தப் பொருளைத்தான் தருகிறது.

எல்லாம் வெற்றியாகவே முடிந்தது என்று எழுதினால் அது வரலாறு ஆகாது. போரின் இறுதி நாள்களில் காக்ஸ் பஜார் கடற்கரையில் கூர்க்காப் படையினரை இறக்கும் முயற்சி நடந்தது. கடற்கரையின் ஆழமும் அலையும் சரியாக அறியப்படவில்லை. இத்தகைய இறக்கத்தில் அப்படையினருக்குப் பயிற்சியும் இல்லை. மலைநாட்டு வீரர் சிலர் எதிரி ஒருவனையும் காணாமலே கடலில் மூழ்கி இறந்தனர். இறங்கிப் பிடிக்க வேண்டிய ஊரில் எதிர்ப்பும் இல்லை. கொதிகலனுக்குக் கட்டிய எஃகுப் பட்டையில் இருந்த கவனம் இங்கே இல்லாமற் போயிற்று என்பது என் எண்ணம். அவசரத்தில் வந்த மேலிட ஆணை அது என்பாரும் உளர். ஆயினும் கிழக்குக் கடலின் பொறுப்பு அவருடையதே.

டிசம்பர் 16-ஆம் நாள் டாக்கா குதிரைப் பந்தயத் திடலில் ஜெனரல் நியாசி சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடும் புகைப்படத்தைப் பார்க்காத மாணவர் இருக்க மாட்டார். மேசையருகே நியாசியும் அரோராவும் அமர்ந்திருக்க, பின்னால் நிற்கும் அதிகாரிகளில் கடற்படை உடையில் காணப்படுபவர்தான் நம் கிருஷ்ணன். அடுத்தமுறை அப்படத்தைக் காணும்போது அவரைத் தேடிப் பாருங்கள். அதே நாள்களில் அமெரிக்காவின் எண்டர்பிரைஸ் என்ற அணுவிசை விமானக் கப்பல் வங்கக் கடலுக்குள் வந்துகொண்டிருந்தது. விக்ராந்தைப் போல் நான்கு மடங்கு பெரியது. அது வந்து சேர்ந்தபோது செய்வதற்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

1972-இல் பத்ம பூஷண் விருது அவருக்கு அளிக்கப்பட்டது. கடற்படையின் தலைமைத் தளபதி பதவி கிடைக்காமலே ஓய்வு பெற்றார். பின்னர் கொச்சிக் கப்பல் கட்டும் தளத்தின் தலைவராக இருந்தார். தம் வாழ்க்கை வரலாற்றையும் எழுதினார். 1982 ஜனவரி 30-ஆம் நாள் மறைந்தார்.

அவர் நம்பிய கப்பலின் கதையையும் முடித்துவிடுகிறேன். சீ ஹாக் விமானங்கள் 1980-களின் தொடக்கத்தில் விடைபெற்றன. வெள்ளைப் புலிகள் வேறு விமானங்களுக்கு மாறினர். 1997 ஜனவரி 31-இல் விக்ராந்த் ஓய்வு பெற்றது. மும்பையில் சில ஆண்டுகள் அருங்காட்சியகமாக நின்று, 2014-இல் உடைப்பதற்கு விற்கப்பட்டது. அதே பெயரில் புதிய கப்பல் ஒன்று, கிருஷ்ணன் தலைமை வகித்த அதே கொச்சித் தளத்தில் கட்டப்பட்டு, 2022 செப்டம்பர் 2-ஆம் நாள் கடற்படையில் சேர்ந்தது. பழைய கப்பலின் இரும்பில் ஒரு பகுதியை உருக்கிப் பஜாஜ் நிறுவனம் 2016-இல் ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. நம் கல்லூரி வாகன நிறுத்தத்தில் வேப்பமரத்தடியில் அந்த வண்டி ஒன்று நாள்தோறும் நிற்கிறது.